டெல்டாவில் லாங் ரன்: உடம்பு மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்துவிட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பயிற்சி எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 42.195 கிலோமீட்டருக்கு உடம்பைப் பழக்குவது முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்தான். செப்டம்பரில் 18, 20 என்று தொடங்கி டிசம்பர் நடுவில் 30, 32 வரை போகும். அந்த நான்கு மாதமும் நம் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். வாய்க்கால் நிறைய மேட்டூர் தண்ணீர், வயலில் சம்பா நாற்று, ஐப்பசி பிறந்தால் அடைமழை. மண்ணும் ஈரம், காற்றும் ஈரம். ஓட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதிக்கு மேல் குளிர்ந்த ஊர்களில் ஓடுகிறவர்களுக்கானவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் கல்லணைக் கால்வாய்க் கரையில் 24-வது கிலோமீட்டரில் உட்கார வேண்டி வரும்.

படிக்கும் முன் ஒன்று. கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது ஆரம்பித்த இடம் வேறு. 26-இல் கால் இழுத்தால் அதற்கான வேலை பெரும்பாலும் முதல் ஐந்து கிலோமீட்டரிலோ, சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டிலோ, மூன்று வாரமாக மாற்றாத ஒரு பழக்கத்திலோ நடந்திருக்கும். அதனால் ரோட்டில் நிற்கும்போது செய்ய வேண்டியதையும் அடுத்த ஞாயிற்றுக்குள் மாற்ற வேண்டியதையும் பிரித்துச் சொல்கிறேன்.

பேச்சு குழறுகிறது, கால் பின்னுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறது

ஹீட் ஸ்ட்ரோக். இதை முதலில் வைப்பதற்குக் காரணம், வந்தவருக்கே வந்தது தெரியாது. கூட ஓடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். 20 கிலோமீட்டருக்கு மேல் தனியாகப் போகாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான். துணை கிடைக்கவில்லையா, வீட்டில் ஒரு தம்பியை சைக்கிளில் பின்னால் வரச் சொல்லுங்கள்.

உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டி மூளை குழம்புவதுதான் அடையாளம். வியர்வை நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடி வந்து விழுகிறவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டேதான் இருக்கும், அதை நம்பாதீர்கள். 108-க்கு அழையுங்கள். வண்டி வரும் வரை காத்திருக்காமல் உடம்பைக் குளிர்விக்க ஆரம்பியுங்கள். குளிர்விப்பதுதான் முதல், ஏற்றிக்கொண்டு ஓடுவது அதற்குப் பிறகு. ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இதில் டெல்டாவுக்கு ஒரு வசதி இருக்கிறது. எந்தக் கரையில் நின்று சுற்றிப் பார்த்தாலும் ஒரு பம்புசெட் தொட்டி கண்ணில் படும். “அண்ணே, இவருக்கு சூடு தலைக்கேறிடுச்சு, கொஞ்சம் மோட்டாரப் போட்டு விடுங்க” என்று கேட்டு, முடியாது என்று சொன்ன ஒரு விவசாயியைக்கூட நான் பார்த்ததில்லை. ஷூவைக் கழற்ற நேரம் வீணாக்காமல் தொட்டிக்குள் கழுத்துவரை இறக்குங்கள். ஒருவர் பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தலை நீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகி அப்படியே நின்றுவிடும். போர் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்காது, ஆனாலும் அந்த உடம்பைவிடப் பத்து டிகிரி குறைவு, அது போதுமான உதவி. தொட்டி இல்லாவிட்டால் வாளி வாளியாக ஊற்றி விசிறுங்கள். ஆற்றிலோ கால்வாயிலோ இறக்க வேண்டாம். இழுப்பும் சேறும் சேர்ந்து இரண்டு பேரையும் கொண்டுபோய்விடும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, ஓடும்போதே கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவையும் இதே வரிசைதான். நின்றுவிட்டு 108. “ஒரு கிலோமீட்டர்தானே பாக்கி” என்ற எண்ணத்துக்கு அங்கே இடம் இல்லை.

மெதுவாகத்தான் ஓடுகிறேன், நெஞ்சுத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

நம் பகுதியில் ஓடுகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். அதே வேகம், அதே ரோடு, பத்தாவது கிலோமீட்டரில் 145 காட்டிய கடிகாரம் இருபதில் 165 காட்டுகிறது. ‘எனக்கு ஸ்டாமினா இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை.

65 கிலோ எடையுள்ளவர் 30 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 1,950 கிலோ கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்கு வெறும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ‘முழுவதும் ஆவியானால்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஐப்பசி விடியற்காலையில் இங்கே காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்பது சாதாரணம். அடைமழையில் கொடியில் போட்ட வேட்டி காயாத மாதிரிதான் அந்தக் காற்றில் நம் வியர்வையும். முழங்கையிலிருந்து சொட்டிக் கீழே விழும் துளி உடம்பைக் குளிர்விக்காமலே போகிறது. உடம்பு விடாமல் இன்னும் வியர்க்கிறது, தோலுக்கு இன்னும் ரத்தம் அனுப்புகிறது, ரத்தத்தின் நீர் குறைகிறது. குறைந்த ரத்தத்தை வைத்து அதே வேலையைச் செய்ய இதயம் வேகமாக அடிக்கிறது.

ரோட்டில்: கடிகாரம் காட்டும் பேஸை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கை, விட்டுவிடுங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் அன்றைய உங்கள் வேகம். கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆனாலும் சரி. ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பத்திலிருந்தே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நடக்கும் நிமிடத்தில் கழுத்திலும் முன்கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரத்துக்கு: விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ஈரப்பதம் குறையாது, சொல்லப்போனால் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆனாலும் கிளம்புங்கள். ஏழரைக்கு மேல் அந்த ஈரத்தோடு வெயிலும் சேர்ந்துகொண்டால் தாங்காது. பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் உடம்போடு ஒட்டிக் காற்றை மறிக்கும். மெல்லிய, தொளதொளப்பான ஓட்டச் சட்டை போதும். வெளியூரில் ஏசி அறையில் வேலை பார்த்துவிட்டு வார இறுதிக்கு மட்டும் ஊருக்கு வருகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் தொடர்ந்து இதில் ஓட வேண்டும், ஞாயிறு ஒருநாள் ஓட்டத்தில் அது நடக்காது.

காற்றின் திசையையும் பாருங்கள், இது நிறையப் பேர் யோசிக்காதது. பின்காற்றில் ஓடினால் சுகமாகத் தோன்றும், ஆனால் காற்றும் நாமும் ஒரே பக்கம் போவதால் தோலில் காற்றே படாது. சூடு ஏறிய கடைசிப் பாதியில் எதிர்காற்று இருக்கிற மாதிரி பாதையை வையுங்கள். புரட்டாசி வரை மேல்காற்று. திருவையாற்றிலிருந்து கிளம்புகிறவர் முதலில் கும்பகோணம் பக்கம் கிழக்கே போய்விட்டு மேற்கே திரும்பினால் காற்று முகத்தில், வெயில் முதுகில். வாடை தொடங்கிய பிறகு மாற்றிவிடுங்கள். முதலில் கல்லணைப் பக்கம் மேற்கே, பிறகு கிழக்கே திரும்பல். வெயில் கண்ணில் அடிக்கும், அதற்கு ஒரு தொப்பி போதும்.

28-இல் கால் நின்றுவிட்டது, நடக்கக்கூட மனசில்லை

மூச்சு சரியாக இருக்கிறது, வலி எதுவும் தனியாக இல்லை, ஆனால் கால் தூக்க வரவில்லை, எரிச்சலும் அழுகையும் வருகிறது. சரக்கு தீர்ந்துவிட்டது. தசையிலும் கல்லீரலிலுமாக நாம் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து 400, 500 கிராம் அளவுதான், அதாவது சுமார் 2,000 கிலோ கலோரி. மேலே சொன்ன 65 கிலோக்காரரின் கணக்கைப் பாருங்கள், 30 கிலோமீட்டருக்குச் சரியாக அதுவே ஆகிறது. கொழுப்பும் எரிவதால் கொஞ்சம் நீளும். முதல் பத்து கிலோமீட்டரை வேகமாக ஓடினால் மாவுச்சத்துதான் அதிகம் எரியும், அதனால் முன்னாலேயே தீரும்.

ரோட்டில்: பக்கத்து டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, இல்லையென்றால் கையில் இருக்கிற நாட்டுச் சர்க்கரை. சாப்பிட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், அதற்குள் ஓரளவு தெளியும். தெளியாவிட்டால் டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போங்கள். சின்ன பாலித்தீன் உறையில் ஐம்பது ரூபாயும் வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய துண்டுக் காகிதமும் எப்போதும் இடுப்புப் பையில் இருக்க வேண்டும்.

அடுத்த வாரத்துக்கு: பசிக்கும்வரை காத்திருக்காமல் நாற்பதாவது நிமிடத்திலிருந்தே சாப்பிடத் தொடங்குங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. ஒரு நடுத்தரப் பூவன் பழத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 கிராம், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையில் 12 கிராம், கடையில் விற்கும் ஜெல் ஒன்றில் 20, 25 கிராம். ஜெல் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கட்டும், இல்லாதவர்களுக்குப் பழமும் சர்க்கரை கலந்த எலுமிச்சைத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். கடலை மிட்டாயை ஓடும்போது பரிந்துரைக்க மாட்டேன். வேர்க்கடலையில் கொழுப்பு அதிகம், வயிற்றில் நிற்கும், வறண்ட வாயில் ஒட்டவும் செய்யும். ஓடி முடித்தபின் அதைவிட நல்லது இல்லை. முந்தின ராத்திரிக்குச் சோறும் ரசமும், அல்லது இட்லி. பிரியாணியை ஞாயிறு மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவலி, குமட்டல்

இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் இரண்டு நேர்மாறான காரணங்களுக்கு ஒரே மாதிரி அறிகுறி வரும். தண்ணீர் போதவில்லை என்றால் வாய் வறளும், தாகம் எடுக்கும், சிறுநீர் அடர் மஞ்சளாகச் சிறிதளவே போகும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தின் உப்பு நீர்த்துப் போயிருந்தால் வயிறு உப்பும், விரல் வீங்கி மோதிரமும் கடிகாரப் பட்டையும் இறுகும், தாகமே இருக்காது. இந்த இரண்டாவதைத்தான் நம் ஊரில் யாரும் சந்தேகப்படுவதில்லை. ‘வெயிலில் ஓடுறே, தண்ணி குடி, தண்ணி குடி’ என்று பாசத்தில் எல்லாரும் ஊற்றுவார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு ரத்த சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், குடிப்பதற்கு நேரமும் அதிகம் கிடைக்கிறது அல்லவா.

ரோட்டில்: வீக்கமும் உப்புசமும் இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். குழப்பமோ வாந்தியோ சேர்ந்தால் ஆஸ்பத்திரி, போகிற வழியில் தண்ணீர் கொடுக்கக் கூடாது. தாகமும் வறட்சியும் இருந்தால் ஓ.ஆர்.எஸ். கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, நாம் வியர்வையில் அதிகம் இழக்கும் சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் ஓட்டத்துக்குப் பிறகு தாராளமாக.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரே வழி தராசு. கிளம்பும் முன் துணியில்லாமல் எடை பாருங்கள், வந்து துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர். எடை ஏறியிருந்தால் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள். இரண்டு விழுக்காட்டுக்குள் குறைந்திருந்தால் கவலை வேண்டாம், முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட முயல வேண்டியதில்லை.

கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது

நின்று நீட்டுங்கள். மதகுச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, பிடித்த காலைப் பின்னால் வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். விடும்வரை வேறு எதுவும் செய்ய வேண்டாம். உப்புக் குறைவு என்றுதான் உடனே சொல்வார்கள். உப்பும் ஒரு பங்கு வகிக்கலாம், ஆனால் பழகாத வேகத்தில் களைத்துப்போன தசைதான் பெரும்பாலும் இப்படிச் சுருண்டுகொள்கிறது. அதனால் மருந்து வாரநாட்களில் இருக்கிறது. வீட்டு வாசற்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள், ஒற்றைக் காலில் பதினைந்து தடவையாவது வர வேண்டும்.

முட்டியின் வெளிப்பக்கம் குத்துகிறது

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்வரை ஒன்றும் இல்லை, அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் ஒரே இடத்தில் குத்து. இடுப்பிலிருந்து முட்டிவரை தொடையின் வெளிப்புறமாக இறங்கும் பட்டை நாரின் கோளாறு இது. டெல்டாவில் இதற்கு இரண்டு காரணம் கூடுதலாக உண்டு. ஒன்று, ரோட்டின் சரிவு. மழைநீர் வடிய ரோட்டின் இரு ஓரமும் சாய்வாக இருக்கும். வண்டிக்குப் பயந்து எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் முப்பது கிலோமீட்டரும் தாழ்ந்தே இருக்கும். இரண்டு, சமதளம். மேடு பள்ளம் இருந்தால் தசைகள் மாறி மாறி வேலை பார்க்கும். இங்கே முதல் அடி எப்படியோ கடைசி அடியும் அப்படியே, ஒரே நார் ஆயிரக்கணக்கான தடவை ஒரே இடத்தில் உரசுகிறது.

வலி தொடங்கினால் நடந்து திரும்பிவிடுங்கள், ஓடித் தீர்க்கலாம் என்பது நடக்காது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்வது அதைவிட மோசம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அடுத்த வாரம் முதல், வண்டி இல்லாத விடிகாலையில் ஓரம் மாற்றி ஓடுங்கள், கெட்டியான மண் கரை கிடைத்தால் கொஞ்ச தூரம் அதில் ஓடுங்கள். பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்கும் இடுப்புப் பயிற்சி அவசியம். ஏற்றம் வேண்டுமென்றால் நமக்குப் பாலங்கள் இருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. பாலம் ஏறி இறங்கும் அந்தச் சிறு மாற்றமே காலுக்கு ஓய்வு.

முன்னங்கால் எலும்பில் வலி என்றால் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் தூரத்தைக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். ஒற்றை விரல்நுனி அளவு இடத்தில் சுரீரென்று வலித்து, அந்தக் காலில் நொண்டியடித்தால் உயிர் போகிறது என்றால் எலும்பில் கீறல் இருக்கலாம். ஓட்டம் நிறுத்தம், எலும்பு மருத்துவர்.

வயிறு கலக்குகிறது

கும்பகோணத்துக்காரர்களிடம் டிகிரி காபியை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விடவும் வேண்டாம், கஃபீன் ஓட்டத்துக்கு உதவும். ஆனால் அது குடலையும் எழுப்பும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்து, வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வரக்காபிக்கு மாறலாம். சனிக்கிழமை கீரை, சுண்டல், கொள்ளு எல்லாம் வேண்டாம். விலாவில் பிடித்தால் வேகத்தைக் குறைத்து, பிடித்த இடத்தை விரலால் அழுத்தி, மூச்சை ஆழமாக வெளியே விடுங்கள், போய்விடும்.

உரசல், கொப்புளம்

மழையில் நனைந்து மூன்று மணி நேரம் ஓடினால் தொடை இடுக்கு, அக்குள், மார்புக் காம்பு எல்லாம் புண்ணாகும். குளிக்கும்போதுதான் எரிச்சல் முழுசாகத் தெரியும். கிளம்பும் முன் வாசலினைத் தாராளமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும், லாங் ரன்னுக்குப் போதாது. காம்பில் பிளாஸ்திரி. காலுறை பருத்தியில் வேண்டாம். கொப்புளம் வந்து நடக்க முடியாமல் இருந்தால் ஊசியைச் சுத்தப்படுத்தி ஓரத்தில் குத்தி நீரை வடித்து, தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள். சர்க்கரை நோயாளிகள் தாங்களே குத்த வேண்டாம். ஈர ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் பசை விட்டுவிடும்.

ரோடு தரும் தொல்லை

அறுப்புக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட நெல்மேல் கால் வைக்காதீர்கள். வழுக்கும், அதோடு அது ஒரு குடும்பத்தின் உழைப்பு. நாய் துரத்தினால் நின்று, அதன் பக்கம் திரும்பி, மெதுவாக நடங்கள். கடித்துவிட்டால், பல் லேசாகப் பட்டிருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. கரையில் இருட்டில் ஓடும்போது தலைவிளக்கு கட்டாயம், மழைக்காலத்தில் பாம்பு மேட்டுக்கு ஏறி வரும்.

முடித்துவிட்டேன், ஆனால் ஏதோ சரியில்லை

ஓடி வந்து சட்டென்று நின்றதும் தலை சுற்றினால் பயப்பட வேண்டாம், ரத்தம் காலில் தங்கிவிட்டது. படுத்துக் காலைத் திண்ணைமேல் தூக்கி வையுங்கள். இனிமேல் கடைசியில் பத்து நிமிடம் நடந்து முடியுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அதோடு தசை கல்லாக இறுகி வலித்தால், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது. நாளை பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்றபடி திங்கள், செவ்வாய் தொடை வலிப்பதும் படி இறங்க முடியாததும் இயல்பு. புதன்கிழமையும் காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாக இருந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் வரும் ஞாயிறு தூரத்தைப் பாதியாக்குங்கள். மாரத்தானுக்கு மூன்று வாரத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்றால் விட்டுப்போன 30-ஐப் பிடிக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஓடும் நீண்ட ஓட்டத்தின் பலன் ஜனவரிக்குள் கைக்கு வராது, களைப்பு மட்டும் வரும். 16, 18 கிலோமீட்டர் சுகமாக ஓடி, மீதி நேரம் தூங்குங்கள்.